கட்டமா, கார்பனா, புரொஜெக்டரா? ஓவியத்தைப் பொருள்மேல் ஏற்ற எது ஏற்ற வழி

பிடித்த ஓவியம் ஒன்று கையில் இருக்கிறது. அதை ஒரு மரப்பெட்டியின் மூடியிலோ கோப்பையிலோ மண்ஜாடியிலோ துணிப்பையிலோ வரைய வேண்டும். வண்ணம் தீட்டுவதெல்லாம் அப்புறம். முதல் சிக்கல், அந்தப் படத்தின் கோடுகளை இந்தப் பொருளின் மேல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஒருவரிடம் கேட்டால் "கட்டம் போட்டுக்கொள்" என்பார். இன்னொருவர் "எதற்கு இவ்வளவு பாடு, கார்பன் பேப்பர் வைத்து இழுத்துவிடு" என்பார். மூன்றாமவர் புரொஜெக்டர் இருக்கிறதா என்று கேட்பார்.

மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் மூவரும் மனத்தில் வைத்திருக்கும் பொருள் வேறு வேறு. எந்த வழி என்று முடிவு செய்ய எனக்குத் தெரிந்து இரண்டு கேள்விகள் போதும். பொருளின் மேற்பரப்பு எப்படி வளைந்திருக்கிறது? படத்தின் அளவு எவ்வளவு மாற வேண்டும்? படம் எளிதா கடினமா, நமக்குக் கை ஓடுமா ஓடாதா என்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகு வருகிற கேள்விகள்.

தாளைச் சுற்றிப் பாருங்கள்

முதல் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க ஒரு வெற்றுத் தாள் போதும். அதைப் பொருளின் மேல் வைத்து அழுத்துங்கள். பெட்டி மூடி, தட்டையான தட்டு, கதவு, நோட்டு அட்டை என்றால் அப்படியே படியும். கோப்பை, தகர டப்பா, பாட்டிலின் நேரான உடல்பகுதி, பூந்தொட்டி என்றால் வளைத்துச் சுற்றினால் படியும், சுருக்கம் விழாது. பந்து, வயிறு பருத்த ஜாடி, ஹெல்மெட், ஷூவின் முன்பகுதி என்றால் என்ன செய்தாலும் தாள் மடங்கும், இல்லையென்றால் கிழியும்.

இந்த மூன்றாவது வகையில் தாள் படியாததற்குக் காரணம் நம் கை அல்ல. இரு திசையிலும் வளைந்த பரப்பை எங்கும் நீட்டாமல் சுருக்காமல் தட்டையாக்க முடியாது என்பது ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ் 1827இல் நிறுவியதிலிருந்தே தெளிவாகிவிட்டது. உலக வரைபடம் எதை எடுத்தாலும் பரப்பிலோ வடிவத்திலோ எங்காவது பொய் சொல்வதும் இதனால்தான். தாளில் இருக்கும் மயிலை ஜாடியின் வயிற்றில் ஏற்றுகிறவர், வரைபடம் போடுகிறவரின் வேலையைத் தலைகீழாகச் செய்கிறார். எங்கே நீட்டலாம், எங்கே சுருக்கலாம் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தச் சோதனையிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது. தாள் படிகிற இடத்தில், தாளை நம்பியிருக்கும் வழிகள் வெல்லும். கார்பன், டிரேசிங், ஸ்டென்சில் எல்லாம் அந்த வகை. தாள் படியாத இடத்தில் கட்டம் வெல்லும். படத்திலும் பொருளிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் இழுத்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வரைவதுதான் இந்த வழி. ஏனென்றால் கட்டம் தாளைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. இந்தக் கோடு எந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது, அதன் எந்த விளிம்பை எந்த இடத்தில் வெட்டுகிறது என்ற தகவலை மட்டும் கொண்டுபோகிறது. கட்டம் நீண்டாலும் குறுகினாலும் சாய்ந்தாலும் அந்தத் தகவல் கெடுவதில்லை.

தட்டையான பொருள், அதே அளவு

இங்கே கட்டம் போடுவது வீண் வேலை. தயங்காமல் தாளை வைத்து இழுத்துவிடுங்கள். வரையும் கை பழக வேண்டும் என்று யாராவது வேண்டுமென்றே கட்டம் போட்டால் அது வேறு விஷயம். நல்ல பயிற்சி. பெட்டி முடிய வேண்டும் என்றால் தேவையில்லை.

ஆனால் கார்பன் என்றதும் பில் புத்தகத்தில் வைக்கும் நீலத் தாளை எடுத்துவிட வேண்டாம். அதில் மெழுகுத்தன்மை அதிகம். மேலே பூசும் அக்ரிலிக் வண்ணம் கோட்டின் மேல் சரியாக ஒட்டாது, வெளிர் நிறங்களில் நீலம் கசிந்து தெரியும், அழிரப்பருக்கும் அசையாது. ஓவியப் பொருள்கள் விற்கும் இடங்களில் கிராஃபைட் தாள் என்று ஒன்று கிடைக்கும். அதில் மெழுகு இல்லாததாகப் பார்த்து வாங்கினால் கோடு அழியும். அதுவும் இல்லையென்றால், படத்தின் நகலைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் 6பி பென்சிலால் நன்றாகத் தேய்த்து, உதிரும் தூளைப் பஞ்சால் தடவிவிட்டால் வீட்டிலேயே கிராஃபைட் தாள் தயார். கருமையான பொருளுக்கு அதே வேலையை வெள்ளை சாக்பீஸ் செய்யும்.

இரண்டு சின்ன விஷயங்கள் இந்த வழியைப் பல மடங்கு நம்பகமாக்கும். தாளின் மேல் ஓரத்தை மட்டும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். கதவைப் போலத் தூக்கிப் பார்த்து, எது விட்டுப்போனது என்று கண்டுவிட்டு மீண்டும் அதே இடத்தில் படிய வைக்கலாம். இழுப்பதற்குப் படத்தில் இல்லாத நிறத்தில் ஒரு பால்பாயின்ட் பேனா வைத்துக்கொண்டால், எந்தக் கோட்டின் மேல் ஏற்கெனவே போனோம் என்பது தாளிலேயே தெரியும்.

மெல்லிய துணி என்றால் கார்பனும் வேண்டாம். அடியில் படத்தை வைத்து, கண்ணாடி மேசைக்குக் கீழே விளக்கு வைத்தோ பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியோ நேரே வரையலாம். முரட்டுக் கேன்வாஸ் பையில் இது நடக்காது. அங்கே கார்பன் கோடும் நூலின் மேடுபள்ளத்தில் விட்டுவிட்டு விழும். பெரிய உருவங்களுக்கு அது பரவாயில்லை, நுணுக்கமான முகத்துக்கு ஆகாது. கண்ணாடி ஜாடிக்கு இதைவிட எளிது உண்டு. படத்தை உள்ளே ஒட்டிவிட்டு வெளியே வரையலாம். கண்ணாடி தடிமனாக இருந்தால் தலையை அசைக்கும்போது படமும் நகர்வதுபோல் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வரைகிற இடத்துக்கு நேர் எதிரே முகத்தை வைத்தால் சரியாக வரும்.

அளவு மாறும்போது

கட்டத்தின் பழைய புகழ் எல்லாம் இங்கேதான். சின்ன ஓவியத்தைச் சுவரளவு ஆக்க வேண்டும் என்றால் நூற்றாண்டுகளாக ஓவியர்கள் எடுத்த கருவி இது. பண்டைய எகிப்தில் சுவரில் செந்நிறக் கட்டங்கள் இழுத்து, நிற்கும் மனிதனுக்குப் பாதம் முதல் நெற்றி மயிர்க்கோடு வரை 18 கட்டங்கள் என்று கணக்கு வைத்திருந்தார்கள். வேலை முடியாமல் நின்றுபோன சில சுவர்களில் அந்தக் கோடுகள் இன்றும் தெரிகின்றன. ஓவியனுக்கும் அவன் வரையும் உருவத்துக்கும் நடுவே நூல்கட்டம் பின்னிய திரையைத் தொங்கவிடும்படி இத்தாலிய அறிஞர் ஆல்பெர்ட்டி 1435 வாக்கில் எழுதிவைத்தார். அதே யோசனையின் தொடர்ச்சிதான் பள்ளியில் நாம் வரைபடம் பெரிதாக்கியது.

ஆனால் வீட்டுப் பொருளளவு வேலைகளில் இந்தப் புகழை இப்போது பிரிண்டர் பறித்துக்கொண்டுவிட்டது. படத்தைப் போனில் எடுத்து, வேண்டிய அளவுக்கு மாற்றி அச்செடுத்துவிட்டால் "அளவு மாறுகிறது" என்ற சிக்கலே மறைந்து, "அதே அளவு" வேலையாகிவிடுகிறது. பிறகு கிராஃபைட் தாள்தான். ஆகவே வெறும் அளவு மாற்றத்துக்காகக் கட்டம் போட வேண்டிய தேவை, ஏ4 தாளுக்குள் அடங்கும் தட்டைப் பொருள்களில் அநேகமாக இல்லை. பிரிண்டர் கைக்கெட்டாத இடத்தில் மட்டும் உண்டு.

அப்படிக் கட்டம்தான் வழி என்றால் கணக்கு சுலபம். படம் 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 2.5 செ.மீ. கட்டமாகப் பிரித்தால் குறுக்கே 6, நெடுக்கே 8. பெட்டி மூடி 9க்கு 12 என்றால் அங்கே 1.5 செ.மீ. கட்டம். எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றேதான். மூல ஓவியத்தின் மேல் கோடு கிழிக்க மனம் வராது, கிழிக்கவும் கூடாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் மார்க்கரால் கட்டம் போட்டு மேலே வைத்தால் ஒரே தாளை எத்தனை படத்துக்கும் பயன்படுத்தலாம்.

மூடி 9க்கு 12ஆக இல்லாமல் 10க்கு 12ஆக இருந்தால்? ஓரத்தில் இடம் விடலாம், படத்தின் மேலோ கீழோ கொஞ்சம் வெட்டலாம், அல்லது கட்டத்தையே சதுரமாக இல்லாமல் அகலவாக்கில் சற்று நீட்டி மூடி முழுவதையும் நிரப்பலாம். கடைசி வழியில் எல்லாமே அகலத்தில் சுமார் 11 சதவீதம் உப்பும். இலை, கொடி, மேகம் என்றால் யாருக்கும் தெரியாது. மனித முகம் என்றால் பார்த்த உடனே "யாரோ மாதிரி இருக்கிறதே" என்பார்கள். வட்டங்கள் உள்ள படத்திலும் இது ஆகாது.

பெரிய பரப்புக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. 80 செ.மீ. அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள அலமாரிக் கதவை நிரப்ப ஏ4 தாள்கள் குறுக்கே 4, நெடுக்கே 7, மொத்தம் 28 வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டும்போது ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கடைசி வரிசைக்கு வரும்போது கோடுகள் சேராது. இங்கே போட்டி புரொஜெக்டருக்கும் கட்டத்துக்கும்தான். புரொஜெக்டர் இருந்து, அறையை இருட்டாக்க முடிந்து, கதவைச் சுவரில் அசையாமல் சாய்க்க முடிந்தால் அதுவே வேகம். சாய்வாக விழுந்தால் படம் ஒரு பக்கம் விரியும். ஆகவே முதலில் ஒரு சதுரத்தை விழச்செய்து, நான்கு பக்கங்களையும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து சரிபார்த்துவிட்டே ஓவியத்தைப் போடுங்கள். நம் கையின் நிழல் நாம் வரைகிற இடத்திலேயே விழும் என்பது புரொஜெக்டரின் தீராத தொல்லை. பக்கவாட்டில் நின்று வரையப் பழகிக்கொள்ள வேண்டும்.

வெளிச்சமான இடம், வெளிவாசல், அல்லது வேலையைப் பல நாள்களாகப் பிரித்துச் செய்ய வேண்டிய நிலை என்றால் கட்டம்தான். புரொஜெக்டரை எடுத்துவிட்டு மறுநாள் அதே இடத்தில் வைப்பது பெரும்பாடு. சாக்பீஸ் தடவிய நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட்டால் இரண்டு மீட்டர் கோடு ஒரு நொடியில் விழுந்துவிடும். நாளைக்கு வந்தாலும் அங்கேயே இருக்கும்.

கோப்பையும் டப்பாவும்

உருளைப் பொருள்கள் பார்ப்பதற்குக் கடினமாகத் தெரியும், உண்மையில் தாளுக்கு அடங்குகிறவை. கோப்பையின் விட்டம் 8 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 25 செ.மீ. அந்த நீளத்துக்குத் தாளை வெட்டி, படத்தை அதில் அமைத்து, கிராஃபைட் தாளோடு சேர்த்துச் சுற்றி ஒட்டினால் போதும். கைப்பிடி இருக்கும் இடத்தில் ஒரு பிளவு வெட்ட வேண்டும். பளபளப்பான பீங்கானில் கிராஃபைட் பிடிக்காமல் வழுக்கினால், வரையும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு முயன்று பாருங்கள், கை எண்ணெய் போனதும் ஓரளவு பிடிக்கும். அதற்கும் மசியாவிட்டால் மெழுகுப் பென்சிலால் நேரே வரைய வேண்டியதுதான். குடிக்கிற கோப்பையில் உதடு படும் விளிம்பருகே வண்ணம் வராதபடி படத்தைச் சற்றுக் கீழே இறக்கியே அமையுங்கள்.

வாளியைப் போல மேலே அகன்று கீழே குறுகும் பொருளுக்கும் தாள் படியும். ஆனால் நீள்சதுரத் தாள் இல்லை, விசிறி வடிவத் தாள். அந்த விசிறியை வெட்டுவதற்குள் பலருக்கும் பொறுமை போய்விடுகிறது. இங்கே நான் கட்டத்தின் பக்கம் சாய்வேன். மேல் விட்டம் 24, கீழ் விட்டம் 16 செ.மீ. உள்ள பூந்தொட்டியை 12 பாகமாகப் பிரித்தால், ஒரு பாகம் மேலே 6.3 செ.மீ., கீழே 4.2 செ.மீ. ஆகவே கட்டங்கள் கீழே போகப்போகக் குறுகும் சரிவகங்கள். படத்தில் சதுரக் கட்டம், தொட்டியில் சரிவகக் கட்டம். படம் தானாகவே தொட்டியின் சாய்வுக்கு ஏற்பக் குறுகிக்கொள்ளும். சுற்றிலும் ஓடும் கொடி, அலை, திரும்பத் திரும்ப வரும் பூ வரிசை ஆகியவற்றுக்கு இந்தக் குறுகல் அழகாகவே இருக்கும். தனி உருவம் ஒன்றுதான் என்றால் அந்த அளவுக்கு ஒரு சின்னத் தாளை வைத்து இழுத்துவிடலாம், விசிறியே வேண்டாம்.

இரு பக்கமும் வளைந்த பொருள்: கட்டத்தின் சொந்த ஊர்

ஜாடி, பந்து, ஹெல்மெட் போன்றவற்றில் தாள் தோற்கிறது, புரொஜெக்டரும் திணறுகிறது. புரொஜெக்டர் வைத்த இடத்திலிருந்து பார்த்தால் மட்டும் படம் சரியாக இருக்கும். பக்கவாட்டில் வந்தால் ஓரங்கள் இழுபட்டுத் தெரியும். நடுவுக்குக் கூர்மையை வைத்தால் பின்வாங்கிப் போகும் ஓரங்கள் மங்கும். ஜாடியைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஏமாற்று நிற்காது.

கட்டம் இங்கே நிற்கும். ஆனால் எப்படிப்பட்ட கட்டம் என்று முடிவு செய்ய வேண்டும், பலர் சறுக்குவது இதில்தான். சுற்றிலும் ஓடும் படம் என்றால் பூகோள உருண்டையில் இருப்பதுபோல் மேலிருந்து கீழே ஓடும் கோடுகளும் சுற்றுக் கோடுகளும் வேண்டும். ஒரே பக்கத்தில் இருக்கும் தனி உருவம், குறிப்பாக முகம் என்றால், அந்த இடத்தை மட்டும் நடுவாக வைத்து, பரப்பின் மேலேயே நாடாவால் அளந்து, சம அளவுக் கட்டங்களை நடுவிலிருந்து வெளியே பரப்ப வேண்டும். முதல் வகைக் கட்டத்தில் முகம் வரைந்தால் நெற்றி குறுகிப்போகும். 20 செ.மீ. விட்டமுள்ள உருண்டையை 12 பாகமாகப் பிரித்தால் நடுவில் ஒரு பாகம் 5.2 செ.மீ. அங்கிருந்து உச்சியை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரம் ஏறியதுமே அகலம் பாதியாகி 2.6 ஆகிவிடும். இரண்டாம் வகையில் கட்டங்கள் நடுவில் சரியாக இருந்து ஓரத்தில் கொஞ்சம் கோணலாகும். கண், மூக்கு, வாய் நடுவில் விழும்படி வைத்தால் கோணல் முடியிலும் தோளிலும் போய்விடும், யாரும் கவனிக்கப்போவதில்லை.

முதல் வகைக் கட்டத்தை ஸ்கேல் இல்லாமலே போடலாம். ஜாடியின் பருத்த இடத்தைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை வைத்து, முனைகள் சந்திக்கும் இடத்தில் வெட்டுங்கள். அதைப் பாதியாக, மீண்டும் பாதியாக, மீண்டும் பாதியாக மடித்தால் எட்டுச் சம பாகம். பிரித்து மறுபடி சுற்றி, மடிப்பு விழுந்த இடங்களில் புள்ளி வையுங்கள். கழுத்திலும் அடியிலும் இதேபோல். மேல், நடு, கீழ்ப் புள்ளிகளை ஒரு நூலால் இணைத்து, நூலோரமாகக் கோடு போட்டால் நெடுக்குக் கோடுகள் முடிந்தன. குறுக்குக் கோடுகளுக்குப் பென்சிலைப் புத்தக அடுக்கின் மேல் படுக்க வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜாடியை முனையில் தொடும்படி சுழற்றினால் மேசைக்கு இணையான ஒரு வளையம் விழும். புத்தகத்தைக் கூட்டிக் குறைத்தால் அடுத்த வளையம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வளையங்களைச் சம உயரத்தில் போடக் கூடாது. ஜாடியின் தோள்பகுதி கிட்டத்தட்டப் படுத்துக் கிடப்பதால், மேசையிலிருந்து 2 செ.மீ. உயரம் கூடினால் பரப்பின் மேல் 4, 5 செ.மீ. கடந்துவிட்டிருக்கும். அந்தக் கட்டங்கள் நீண்டு, அங்கே வரையும் பறவையின் கழுத்தும் நீண்டுவிடும். ஆகவே ஒரு நெடுக்குக் கோட்டின் மேல் தையல் நாடாவை வளைத்து வைத்துச் சம தூரத்தில் புள்ளி வைத்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளுக்கு எட்டும்படி புத்தக உயரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பந்து போன்றவற்றில் கோடே போடாமல் ரப்பர் பேண்டுகளை மாட்டியும் கட்டம் அமைக்கலாம். அழிக்க வேண்டியதில்லை. ஆனால் லேசாக நகரும் என்பதால் சின்ன வேலைக்கு மட்டும்.

கட்டத்தின் குறைகள்

மெதுவானது. இது முதல் குறை, மறைக்க முடியாது. அடுத்தது, ஒரு கட்டம் தவறி அடுத்த கட்டத்தில் வரையத் தொடங்கிவிடுவது. படத்திலும் பொருளிலும் ஓரமாக எண்ணும் எழுத்தும் போட்டுக்கொண்டால் "ஈ 5" என்று சொல்லிச் சொல்லி வரையலாம், தவறாது.

மூன்றாவது குறை கொஞ்சம் ஆழமானது. கட்டம் கட்டமாக வரைந்த படத்தில் நீண்ட வளைவுகள் உயிரில்லாமல், ஒட்டுப்போட்டதுபோல் வரும். குதிரையின் முதுகு ஒரே வீச்சில் போக வேண்டியது, ஐந்தாறு சின்ன வளைவுகளாக உடைந்து நிற்கும். இதற்கு மருந்து, கட்டத்துக்குள் வரையாமல் இருப்பது. கோடு கட்ட விளிம்புகளை வெட்டும் இடங்களில் மட்டும் புள்ளி வையுங்கள். பாதியில் வெட்டுகிறதா, மூன்றில் ஒரு பங்கிலா என்று பார்த்தால் போதும். எல்லாப் புள்ளிகளும் விழுந்த பிறகு, மூலப் படத்தைப் பார்த்துக்கொண்டே கையை நிறுத்தாமல் ஒரே கோடாக இழுங்கள். ஜாடியில் என்றால் ஜாடியை மெல்லத் திருப்பிக்கொண்டே.

கட்டம் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? எல்லா இடத்திலும் ஒரே அளவு வேண்டியதில்லை. வானத்துக்கும் புல்லுக்கும் பெரிய கட்டம் போதும். முகம் வரும் கட்டத்தில் மட்டும் மூலைவிட்டங்களை இழுத்தால் நடுப்புள்ளி கிடைக்கும், அதிலிருந்து நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். என் அளவுகோல், ஒரு கண்ணாவது இரண்டு கட்டங்களில் பரவியிருக்க வேண்டும் என்பது. 1420களில் ஃபுளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா நோவெல்லா தேவாலயச் சுவரில் இத்தாலிய ஓவியர் மசாச்சோ வரைந்த திரித்துவ ஓவியத்தில், மேரியின் உருவத்தின்மேல் ஈரப்பூச்சிலேயே கீறிய கட்டக்கோடுகள் காணப்படுகின்றன. சிக்கலான இடத்துக்கு மட்டும் கட்டம் என்பது நம் கண்டுபிடிப்பு இல்லை.

எழுத்துகளுக்குக் கட்டம் ஆகாது. ஓர் இலை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் இலைதான். ஓர் எழுத்தின் சுழி நகர்ந்தால் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஜாடியில் பெயர் எழுத வேண்டும் என்றால், எழுத்தெழுத்தாகச் சின்னத் துண்டுகளாக வெட்டிய டிரேசிங் தாளே நல்லது. துண்டு சிறியதாக இருந்தால் வளைந்த பரப்பிலும் அநேகமாகப் படியும்.

கோட்டை எதனால் போடுவது

இதைக் கடைசி நிமிடத்தில் யோசிப்பவர்கள் அதிகம், வேலை கெடுவதும் இங்கே அதிகம். பூச்சு அடிக்காத மரத்தில் லேசான எச்பி பென்சில் போதும். அழுத்தினால் மரத்தில் பள்ளம் விழும், அழித்தாலும் தெரியும். வெளிர் வண்ணம் பூசப்போகும் இடத்தில் கிராஃபைட் கரைந்து சாம்பல் நிறமாகும் என்பதால் வாட்டர்கலர் பென்சில் நல்லது, ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். கண்ணாடி, உலோகம், பீங்கானுக்கு மெழுகுப் பென்சில், அல்லது மெல்லிய மாஸ்கிங் டேப்பையே கோடுகளாக ஒட்டிவிடலாம்.

துணிக்குத் தண்ணீரில் கரையும் பேனா. சூட்டில் மறையும் பேனாவைப் பலர் விரும்புகிறார்கள், இஸ்திரி போட்டதும் கோடு மாயமாகிவிடும். அந்த மை சுமார் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிறமிழக்கிறது, அழிவதில்லை. உறைநிலைக்கு வெகு கீழே போகும் கடுங்குளிரில் கோடுகள் திரும்பி வந்துவிடும். ஃப்ரீசரில் போட்டால் பார்க்கலாம். குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவருக்குக் கொடுக்கப்போகும் துணியில் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒன்று இல்லை, பத்து வேண்டும் என்றால்

ஒரே படத்தைப் பத்துப் பொருளில் ஏற்ற வேண்டுமென்றால் கட்டத்தை மறந்துவிடுங்கள். கார்பனும் சலித்துவிடும், தாளும் கிழிந்துவிடும். எளிய, தடித்த உருவம் என்றால் ஸ்டென்சில். நுணுக்கமான கோடுகள் என்றால் இத்தாலியச் சுவரோவியர்கள் செய்த பழைய வழி ஒன்று இருக்கிறது. தாளில் கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, பொருளின் மேல் வைத்து, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டினால் புள்ளி வரிசையாகக் கோடு விழும். அதே தாளை எத்தனை தடவையும் பயன்படுத்தலாம். சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கேலாஞ்சலோ இதையும், தாளின் மேல் கூர்முனையால் அழுத்திக் கீறும் வழியையும் கையாண்டார். ரஃபேல் ஏதென்ஸ் பள்ளி ஓவியத்துக்காகத் துளையிட்ட பெரிய முன்வரைவு மிலானில் அம்ப்ரோசியானா காட்சிக்கூடத்தில் இருக்கிறது. துளைகளுக்குத் தையல்காரர்களின் பல்சக்கரம் ஊசியைவிட வேகம். கருமையான பொருளில் கரிக்குப் பதில் சாக்பீஸ் தூள்.

போனும் அச்சும்

போன் திரையில் பொருளின் மேல் படம் மிதப்பதுபோல் காட்டும் செயலிகள் இருக்கின்றன. போனை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்த வேண்டும், திரையைப் பார்த்துக்கொண்டு கை வேறெங்கோ வரைய வேண்டும். 1806இல் இங்கிலாந்தில் விஞ்ஞானி வோலஸ்டன் காப்புரிமை பெற்ற கேமரா லூசிடாவின் பேரன் இது; எதிரே இருப்பதன் உருவம் வரையும் தாளின் மேல் விழுவதுபோல் கண்ணுக்குக் காட்டிய கருவி அது. அதே ஆண்டில்தான் ரால்ஃப் வெட்ஜ்வுட் கார்பன் தாளுக்கும் காப்புரிமை வாங்கினார். தட்டைப் பொருளில் செயலி நன்றாகவே உதவுகிறது. உருண்டையில், பொருளைக் கொஞ்சம் திருப்பினாலும் எல்லாம் கலைந்துவிடும்.

லேசர் அச்சை மரத்தில் ஒட்டி, தாளைத் தண்ணீரில் தேய்த்தெடுக்கும் வழியும், பூச்சிட்ட கோப்பையில் சூட்டால் அச்சேற்றும் வழியும் பிரபலம்தான். அவற்றில் படமே வந்துவிடுகிறது, வரைய எதுவும் மிச்சமில்லை. வரைய ஆசைப்படுகிறவருக்கு அவை விடையாகாது. லேசர் அச்சு வழியை எடுத்தால் படத்தை இடவலமாகத் திருப்பி அச்செடுக்க மறக்க வேண்டாம்.

இன்னொன்று. உயிரோடிருக்கும் ஓவியரின் படத்தை உங்கள் வீட்டு ஜாடியில் வரைவதும், வரைந்து விற்பதும் ஒன்றல்ல. கட்டம் போட்டுக் கையால் வரைந்தாலும் நகல் நகல்தான். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி படைப்பாளி இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை பொதுவாக உரிமை தொடர்கிறது, பல நாடுகளில் அதைவிட அதிகம். விற்கும் எண்ணம் இருந்தால் மிகப் பழைய ஓவியங்களையோ உங்கள் சொந்தப் படத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எதை எடுப்பேன்

பெட்டி மூடி, தட்டு, நோட்டு அட்டைக்கு அளவு மாற்றிய அச்சும் கிராஃபைட் தாளும். கோப்பைக்கும் டப்பாவுக்கும் அதுவேதான், சுற்றி ஒட்டி. அலமாரிக் கதவுக்குப் புரொஜெக்டர், கிடைக்காவிட்டால் சாக்பீஸ் நூல் கட்டம். பூந்தொட்டியில் சுற்றிலும் கொடி என்றால் கட்டம். ஜாடி, பந்து, ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் கட்டம்.

ஜாடியில் மனித உருவம் வரைய வேண்டும் என்றால் இரண்டையும் கலப்பேன். உடல், உடை, பின்னணி எல்லாம் எங்கே வரும் என்பதைக் கட்டத்தால் குறித்துக்கொண்டு, முகத்தை மட்டும் தீப்பெட்டி அளவுத் தாளில் எடுத்து, சுற்றிலும் சூரியக் கதிர்கள்போல் சின்ன வெட்டுகள் கொடுத்து, பரப்பில் படிய ஒட்டி இழுப்பேன். வெட்டுகள் முகத்தின் வெளிக்கோட்டோடு நின்றுவிட வேண்டும், உள்ளே வரக் கூடாது. அடியில் வைக்கும் கிராஃபைட் தாளையும் அதே அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதன் ஓரம் மடங்கி, கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும்.